வாய்க்குள் விழுந்த வார்த்தை

குற்றாலத்து லாட்ஜுகளில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அப்படியே படுத்துப் புரள்கிறவர்களின் விரிப்புகளை வெளுத்துத் தேய்ப்பதுதான் சுடலைமாடனின் பிழைப்பு. எத்தனை சோடா போட்டாலும் போகாத பிசுக்கு. அன்று அதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மகளின் டீச்சர் வரச்சொன்னாள் என்று தென்காசிப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். நல்லதுக்கு எந்த டீச்சரும் ஆள் விடமாட்டாள் என்பது அவர் நினைப்பு.

ஸ்ரீமதி டீச்சர் ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு பழமொழி, மேடையேறி, மைக்கில் தெளிவாகச் சொல்லி விளக்க வேண்டும். எட்டாவது படிக்கும் அவர் மகள் காளீஸ்வரிக்கு நல்ல குரல். மேடை ஆசையில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசிப் பார்க்கிறவள். ஆனால் பழமொழி வந்தால் மட்டும் நடுவில் ஒரு வார்த்தையை மென்று விழுங்குகிறாளாம். இப்படியே இருந்தால் மேடை கிடையாது என்றாள் டீச்சர். சொல்லச் சொன்னதும் மகள் தரையைப் பார்த்து ஏதோ முனகினாள்.

“நீங்க ஒருக்கா சொல்லிக் காட்டுங்க, டீச்சர்,” என்றார் சுடலைமாடன்.

டீச்சர் கணீரென்று ஆரம்பித்தாள். நடுவில் இருந்த வார்த்தை அவர் சாதிப் பெயர். அங்கே வந்ததும்தான் எதிரே நிற்பது தன் சேலைகளையும் தேய்க்கிற ஆள் என்பது அவளுக்கு உறைத்தது. குரல் இறங்கி, வார்த்தை வாய்க்குள்ளேயே விழுந்தது. கடைசியில் வந்த கழுதையை மட்டும் சுத்தமாகச் சொன்னாள். சுடலைமாடனிடம் இருப்பது ஒரு ஓட்டை மொபெட்.

“நீங்களும்லா முழுங்குதிய,” என்றார்.

அந்தக் காலத்தில் சும்மா சொல்லிவைத்தது, யாரையும் குறித்து இல்லை என்று டீச்சர் மழுப்பினாள். உடனே அவளுக்கு ஒரு வழியும் தோன்றிவிட்டது. காளீஸ்வரிக்கு மழையைப் பற்றி வேறொன்று தரலாம். இதை அதே வகுப்பு அருண்பாண்டி சொல்லட்டும், அவனுக்கு உச்சரிப்பு சுத்தம்.

சுடலைமாடன் மகளைப் பார்த்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

“அவன் மைக்குல சுத்தமா சொல்லுவான். நாங்க கீழ உக்காந்து கைதட்டணும். அப்படித்தான?”

காளீஸ்வரி தலையை நிமிர்த்தினாள்.

“அத யாரு சொன்னாலும் நான் மேடைக்கு வரல, டீச்சர்.”

ஒரு எழுத்துகூடச் சிதறவில்லை. பழக்கத்தில் டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா, இப்ப எவ்வளவு தெளிவா வருது” என்றாள்.

சுடலைமாடன் வாயில் ஊறிய கசப்பைத் துப்ப இடம் தேடினார். எங்கும் பளிச்சென்று பெருக்கி வைத்திருந்தார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் துப்பினார்.