பாசிமணி வடை

சுண்டுவிரல் நகமளவு வடைக்கு இருபது பழுப்புப் பாசிமணி, மிளகாய்க்கு ஒரு சிவப்பு. நிஷாலினி கடைசி மணியைக் கோத்து, நைலான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஹல்துமுல்லைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை ஒன்பது குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தோடு கோப்பது போனில் பார்த்துப் பிடித்துக்கொண்ட பைத்தியம். முதலில் செய்த கொத்துரொட்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் பூச்சி என்றார்கள். வடைதான் அவள் மானத்தைக் காப்பாற்றியது.

"காதுல வடை, கழுத்துல றோல்ஸு. பஞ்சம் வந்தா ஒன்னய அவிச்சாலே போதும்," என்றாள் கூட வேலை செய்யும் செபஸ்தியம்மா.

"அவிக்காதீங்கக்கா. நூலு இளகிரும்."

பஞ்சம் ஏற்கனவே பாதி வந்திருந்தது. குழந்தைகளுக்குப் பத்து மணிக்குக் கொடுக்கும் பிஸ்கட், இரண்டு வாரமாக ஸ்டோரிலிருந்து வரவில்லை. கேட்டால், "வரும்" என்றார்கள். பிஸ்கட் நின்ற முதல் நாள் ஒன்பது வாயும் ஒன்றாக அழுதபோதுதான் நிஷாலினி அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாள். காதிலிருந்த வடையைக் கழற்றி ஒவ்வொரு வாயருகிலும் கொண்டுபோனாள். "ஆ காட்டு... சுடுது, சுடுது, ஊது... ஆம்!" பிள்ளைகள் காற்றைக் கடித்துச் சிரித்தன. மேலே ஆளுக்கு ஒரு கோப்பை தண்ணீர்.

"ஒத்த வடையில ஒம்பது பேரு பசியாறிட்டாங்க பாத்தீங்களா?" என்று அன்றைக்குப் பீற்றிக்கொண்டாள்.

இன்று செபஸ்தியம்மா விறகெடுக்கப் போயிருந்தாள். நிஷாலினி அன்றாட விளையாட்டுக்காகக் கழற்றிய வடையை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு ஒரு குழந்தைக்கு மூக்குத் துடைத்துத் திரும்பினாள். இரண்டு வயது மிதுஷா எதையோ மென்றுகொண்டிருந்தாள். காற்றைக் கடிக்கும் மெல்லல் அல்ல.

விரலை விட்டுத் தோண்டியதில் கொக்கி வந்தது. பதினைந்து மணிகள் வந்தன. ஆறு உள்ளே போய்விட்டன.

தகவல் தெரிந்து மிதுஷாவின் அம்மா கலாராணி மலையிலிருந்து கொழுந்துக்கூடையோடு ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, தானாக வெளியே வரும், ஒவ்வொரு முறையும் கவனித்துப் பாருங்கள் என்றார்.

வராந்தாவில் கலாராணி கேட்டாள். "எப்புடிங்க டீச்சர் அத வாயில போட்டா?"

நிஷாலினிக்கு விளையாட்டு நாக்கின் நுனிவரை வந்தது. "நான் திரும்புறதுக்குள்ள எடுத்துட்டாக்கா," என்றாள். அதுவரை உண்மைதான். மிச்சத்தைச் சொல்லவில்லை.

கலாராணி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்பாக, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு இரவு ஒத்திகை பார்த்திருந்தாள் நிஷாலினி. காது வெறுமையாக இருந்தது.

கலாராணி முந்திக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்க டீச்சர்." மடித்த கடுதாசியைப் பிரித்து நீட்டினாள். உள்ளே பழுப்பு மணிகள். "வெந்நீர்ல சோப்பு போட்டு ரெண்டு தரம் கழுவிட்டேங்க. அஞ்சு இருக்கு. செவப்பு மட்டும் இன்னும் வரல. வந்தோன்ன கொண்டாந்து குடுத்துர்றேன்."

"ஐயோ, அதெல்லாம் எதுக்குக்கா..."

"ஆசையா செஞ்சதுங்களே. இந்தக் கழுத இப்புடிப் பறக்குது. வீட்டுல ரொட்டி குடுக்காமலா அனுப்புறேன்?"

"அக்கா, அது அவ தப்பில்ல. நான்தான்..."

மேலே பெரட்டுக்களத்தில் கங்காணி பெயர் கூப்பிடத் தொடங்கினார். கலாராணி பிள்ளையை அவசரமாக நிஷாலினியின் கையில் திணித்தாள்.

"ரெண்டு நாளா பேரு இல்லீங்க, சம்பளமும் இல்ல. இன்னிக்காவது போயிர்றேன். டீச்சர்கிட்ட ஸொறி சொல்லுடி. இனிமே திருடித் திங்க மாட்டேன்னு சொல்லு!"

சொல்லிக்கொண்டே படியேறி ஓடினாள். ஸ்டோரிலிருந்து இன்றும் பிஸ்கட் வரவில்லை. மிதுஷா நிஷாலினியின் வெறும் காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்து, பழகியபடி, வாயை ஆவென்று திறந்தாள்.