தபால்காரர் வீட்டு ஜன்னல்

இலவசம் என்று எழுதியிருந்தால் அடியில் இருக்கும் பொடி எழுத்தைத்தான் நான் முதலில் படிப்பேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். நான் வாலையும் தூக்கிப் பார்க்கிற ரகம்.

எங்கள் திரைச்சீலைக் கடையில் வியாபாரம் படுத்திருந்த சமயம். ஒருமுறை திரை தைத்துக்கொண்டு போனவர்கள் மறுபடி எட்டிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பிக் கூப்பிடலாம் என்று ஆரம்பித்தவள் என் தங்கை. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளப்பது, துணி வெட்டுவது, தைப்பது எல்லாம் அவள். வாங்குவது, விற்பது, சந்தேகப்படுவது மூன்றும் நான். அவள் தேடித் தேடி, மெயில் விளம்பரத்துக்கு வேண்டியதையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்தாள். மொத்தமாக அனுப்பித் தரும் டூல்கள், அழகான மாதிரிகள், தலைப்பு எப்படி எழுதுவது, எந்த நேரத்தில் அனுப்பினால் பிரித்துப் பார்ப்பார்கள் என்று சொல்லும் கட்டுரைகள். எல்லாமே இலவசம்.

"இதையெல்லாம் உனக்கு யாரு காட்டினா?" என்று கேட்டேன்.

"யாரும் காட்டலக்கா. தேடினேன், கிடைச்சுது."

அது எப்படிக் கிடைக்கும்? எந்த டூலைத் திறந்தாலும் முதல் வேலையாக வாடிக்கையாளர்களின் முகவரிகளைக் கொண்டா என்கிறது. பத்து வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த ஆட்கள். அப்படியே எதிர்க்கடைக்கு விற்றுவிட்டால்?

அதனால் ஒரு பொறி வைத்தேன். தங்கை முயற்சி பண்ணிப் பார்த்த ஒவ்வொரு டூலிலும், அவளுக்குத் தெரியாமல், இல்லாத வாடிக்கையாளர் ஒருவரைச் சேர்த்தேன். முதலாவதில் ஒரு பல் டாக்டர், இரண்டாவதில் ஒரு விமானி, மூன்றாவதில் ரிட்டயர் ஆன தபால்காரர். மூவருக்கும் நானே மெயில் முகவரி திறந்தேன். அந்த முகவரி அந்த டூலைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வெளியாள் மெயில் ஒன்று வந்தால் போதும், திருடன் அகப்பட்டான்.

மூன்றாவது டூல்தான் தங்கைக்குப் பிடித்தது. 'உங்க ஜன்னல் வெளுத்துப் போச்சா?' என்று தலைப்புப் போட்டு அனுப்பினாள். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யார் பிரித்தார்கள், யார் எத்தனை தடவை பிரித்தார்கள் என்றுகூட அந்த டூல் காட்டுகிறது என்று பூரித்துப் போனாள். நானோ தினமும் காலையில் கடையைத் திறந்ததும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தபால்காரரின் பெட்டியைப் பார்ப்பேன். எங்கள் மெயில் மட்டும்தான் இருக்கும். பொறி காலியாக இருந்தால் எலி இல்லை என்று அர்த்தமா? எலிக்குப் புத்தி இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு நடுவில் தங்கை வேறொன்று சொல்லப் பார்த்தாள். தனியாக ஒரு தையல் கூடம் வைக்கலாமா என்று யோசிக்கிறாளாம். யார் உன்னைத் தூண்டிவிடுகிறார்கள் என்று கேட்டேன். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். பிறகும் ஒருமுறை எடுத்தாள், நானும் அதையே கேட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அவள் கை இல்லாவிட்டால் இந்தக் கடையில் இருப்பது வெறும் துணி மூட்டை. அதோடு, அவள் இல்லாத கடையில் நான் யாரோடு சண்டை போடுவது?

போன வாரம் தபால்காரருக்கு எங்கள் கடைப் பெயர் இல்லாத ஒரு புது மெயில் வந்திருந்தது. அகப்பட்டான் திருடன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிரித்தேன்.

'அக்கா, இந்தத் தபால்காரர் நீதான்னு தெரியும். நாம எது அனுப்பினாலும் காலையில கடை திறந்த உடனே பிரிக்கிறார். ஒண்ணும் வாங்கறதில்ல. அளவு எடுக்கறவ நான், இவர் வீட்டு ஜன்னலை இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. நேர்ல சொன்னா நீ நம்ப மாட்டே. பொறியில விழுந்ததைத்தான் நம்புவே, அதனால இங்க எழுதறேன். அடுத்த மாசம் நான் தனியாப் போறேன். யாரும் தூண்டல. நம்ம ஆளுங்க ஒருத்தர் முகவரியைக்கூட எடுத்துக்கல. எனக்கு உன்கூடப் பேசணும்.'

படித்தேன். மூடினேன், திறந்தேன், மறுபடி படித்தேன், நாலு தடவை. பின்கட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. தங்கை அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி வந்து என் மேஜை எதிரில் நின்றாள். கையில் போன், அதில் அந்த டூல் திறந்திருந்தது.

"நீ நாலு தடவை பிரிச்சிருக்கேன்னு காட்டுது. இன்னும் இதை எனக்கு யார் எழுதிக் குடுத்தாங்கன்னு தேடறியா?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"மூணு தடவை அதைத்தான் தேடினேன்," என்றேன். "நாலாவது தடவை சும்மா படிச்சேன்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். கூடத்தை எங்கே வைக்கப் போகிறாய் என்று கேட்டேன். யாரோடு என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.