செபஸ்தியம்மாவின் விரல்கள்

செபஸ்தியம்மா தன் விரல் வலியை ஒரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. கணவன் ஜோன்சன் ஐந்து மணிக்கே ஆட்டோவை எடுத்துக்கொண்டு பதுளை டவுனுக்குப் போய்விடுவான். அதன்பிறகு சுடுநீரில் கைகளை வைத்து, விரல்களை மெல்ல மெல்ல மடக்கப் பழக்குவாள். தேயிலை மலையில் அவள் பறிக்கும் கொழுந்து குறையத் தொடங்கியதும்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த டாக்டர் ஆர்த்திகா இரத்த அறிக்கையைப் பார்த்தாள்.

“இது மூட்டுவாதம். உடம்புக்குள்ள அழற்சி நிக்காமல் இருக்குது. வீக்கம் மட்டுமில்லை, களைப்பும் அதாலதான். மருந்து தாறன். ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுறீங்கள்?”

“மாத்திர வாங்க வந்தேன் டாக்டரம்மா, சமையலக் கேக்குறீங்களே!”

என்றாலும் சொன்னாள். சீனி போட்டு ஆறு தேத்தண்ணி, இரண்டு வேளை கோதுமை மா ரொட்டி, வாய் நிறைய வெற்றிலையும் புகையிலையும். ஜோன்சன் அறைக்குள்ளேயே சிகரெட் பிடிப்பதையும் சொன்னாள்.

“அந்தப் புகையும் உங்களுக்குக் கூடாது. மருந்து மட்டும் காணாது அம்மா.”

அன்று மாலை புகையிலையைச் சாக்கடைக் கானில் வீசிவிட்டு, தன் வலியைச் சொல்லாமல், சிகரெட்டை வெளியே பிடிக்கும்படி மட்டும் கணவனிடம் பேச்செடுத்தாள்.

“நாள் பூரா ரோட்டுல கெடந்துட்டு வர்றேன். சொந்த வீட்டுலயும் வெளிய நிக்கணுமா?” என்று அவன் சீறினான்.

அடுத்த வாரம் ஆட்டோ பழுதாகி, ஒரு காலை அவன் வீட்டில் இருக்க நேர்ந்தது. செபஸ்தியம்மா சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவதைக் கண்டான். மூன்று முறை நழுவியது. அவள் கண்கள் நிறைந்திருந்தன.

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா வேலைக்குப் போகாதன்னுவீங்க. அப்பறம் எப்புடிங்க சமாளிக்கிறது?”

அவனே பொத்தானைப் போட்டுவிட்டான். பிறகு சிகரெட்டை எடுத்துக்கொண்டு மரக்கறித் தோட்டத்துக்கு அப்பால் போனான். அதன்பின் அறைக்குள் அவன் பற்றவைக்கவே இல்லை.

கோதுமைக்குப் பதில் குரக்கன் என்கிற கேழ்வரகு மாவும் அவன்தான் வாங்கி வந்தான். அவன் சுட்ட முதல் ரொட்டி கல்லாக இருந்தது. இருவரும் சிரித்துக்கொண்டே கடித்தார்கள். தேத்தண்ணி மூன்றானது, கீரை தினமும் வந்தது. மாலையில் மாதா கோவில்வரை சேர்ந்து நடந்தார்கள். ஒரு கலியாண வீட்டில் அவள் மறுபடி புகையிலை போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அவனிடம் அதைச் சொல்லி அழுதாள்.

நான்கு மாதம் கழித்து இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

“அழற்சி நல்லாக் குறைஞ்சிருக்குது,” என்றாள் ஆர்த்திகா. “ஆனால் மருந்தை நிப்பாட்டக் கூடாது.”

காலையில் விரல் இறுக்கம் இன்னும் உண்டு, ஆனால் சீக்கிரம் விட்டுவிடுகிறது என்றாள் செபஸ்தியம்மா. அவள் எழுந்தபோது ஜோன்சன் நாற்காலியிலேயே இருந்தான்.

“நான் இன்னும் ஒரு நாளைக்கு நாலு சிகரெட் பிடிக்கிறேன் டாக்டரம்மா. என்னால தனியா விட முடியலங்க.”

ஆர்த்திகா புதிய நோயாளர் அட்டை ஒன்றை எடுத்து, அவன் வயதைக் கேட்டாள்.