செவ்வாய் காலை 6.10

மயான அலுவலகத்துப் பதிவேட்டில் அவன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் மாமியார் இருமினார். பேனாவைப் பாதியில் நிறுத்தித் திரும்பினான்.

"தூசி மாப்பிள்ளை. வேற ஒண்ணுமில்ல."

அந்த வார்த்தையை நம்பித்தான் அவன் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டிருந்தான். அவன் மனைவிக்கு பேக்கரியில் மாவு பிசையும் வேலை. வருஷம் முழுக்க இருமுவாள். மாவுத் தூசி என்பாள். இந்த முறையும் அதையே சொன்னாள். அவனும் அப்படியே கேட்டுக்கொண்டான். புதன்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. கோவிட் என்றார்கள். "எப்போ ஆரம்பிச்சது?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மூணு நாள் என்றான். இல்லை, ஒரு வாரம் என்றான். பிறகு, தெரியவில்லை என்றான். வெள்ளி விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று சனி. கையெழுத்தை முடித்துவிட்டு மாமியாரின் நெற்றியில் புறங்கையை வைத்தான். கல்யாணமான நாலு வருஷத்தில் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நெற்றி கொதித்தது.

"வண்டியில ஏறுங்க அத்தை."

"வீட்டுக்குத்தானே?"

"முதல்ல ஏறுங்க."

"முப்பது வருஷம் ஊரையே ஏத்தி எறக்கினவ நான். என்னையே ஏறுங்கறீங்க."

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் அவருக்குக் கண்டக்டர் என்றுதான் பெயர். மகள் அவர் காதுபடவே அப்படிக் கூப்பிடுவாள்.

அவசர சிகிச்சை கிளினிக் டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்தது. முன்பதிவு வேண்டாம். சனிக்கிழமை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள் என்று கதவிலேயே எழுதியிருந்தது. மணி நாலே முக்கால்.

"காய்ச்சலா? மாஸ்க்க ஏத்திப் போட்டுக்கிட்டு அந்த ஓரமா உக்காருங்க" என்றாள் வரவேற்புப் பெண்.

மாமியார் இருமியதும், காலில் துண்டு சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவர் மெல்ல அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார்.

"பின்னாடி எடம் காலியா இருக்கு பாருங்க. இன்னும் தள்ளிப் போங்க" என்றார் மாமியார், பழைய குரலில்.

மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். அவனுக்கும் எடுத்தார்கள். கால் மணி நேரம் கழித்து அவனுக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. அவருக்கு இரண்டு.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணுக்குக் கீழே மாஸ்க் அழுத்திய தழும்பு. "அம்மாவுக்கு அறுபத்தாறு வயசு, சர்க்கரையும் இருக்கு. விட்டா நெஞ்சுல எறங்கிடும். மாத்திரை இங்கயே இருக்கு. ஆனா உடம்பு சரியில்லாமப் போன அஞ்சு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும். எப்போ ஆரம்பிச்சதும்மா?"

அதே கேள்வி. அவன் மாமியாரைத் திரும்பிப் பார்த்தான்.

"பத்து நாளாச்சு" என்றார் மாமியார்.

"பத்து நாளா?"

"அவ இரும ஆரம்பிச்ச அன்னிக்கே எனக்கும். ரெண்டு பேரும் சேந்துதான் இருமினோம்."

"அத்தை!"

"விடுங்க மாப்பிள்ளை. கடைசி ஸ்டாப் வந்தா எறங்கிட வேண்டியதுதான்." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

பொய் என்று அவனுக்குத் தெரிந்தது. பொய் என்று சொல்ல அவன் கையில்தான் எதுவும் இல்லை.

"பத்து நாள்னா இந்த மாத்திரைய குடுக்க முடியாது சார். காய்ச்சலுக்கு மட்டும் எழுதறேன். தினம் என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

மாமியாரின் கைப்பையை வாங்கி மேசைமேல் கவிழ்த்தான். சர்க்கரை மாத்திரை. கொலஸ்ட்ரால் மாத்திரை. ரத்தப் பரிசோதனைக் காகிதம். சில்லறை. கடைசியாகத் தெர்மாமீட்டர் உறை. உறையில் ஒரு வெள்ளை டேப்.

பேக்கரியில் எந்த வாளியும் டேப் ஒட்டாமல் அலமாரிக்குப் போகாது. என்ன, எந்த நாள், எத்தனை மணி. அவள் அதை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். பால் பாக்கெட்டில் ஒட்டுவாள், மிச்சம் வைத்த டப்பாவில் ஒட்டுவாள். ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த அவன் சட்டையிலேயே ஒட்டிவிட்டாள்: ஞாயிறு, 11.30, இன்னும் எழவில்லை.

இந்த டேப்பில் இரண்டு வரிகள்.

அம்மா. திங்கள் இரவு 9. 98.4.

அம்மா. செவ்வாய் காலை 6.10. 100.6.

"செவ்வாய்" என்றான். குரல் தானாக உயர்ந்தது. "செவ்வாய்க்கிழமை காலையில ஆறு பத்து. திங்கக்கிழமை ராத்திரி காய்ச்சலே இல்ல. பாருங்க, எழுதியிருக்கா." விரலை மடக்கினான். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. கை மூடிக்கொண்டது. "அஞ்சு. இன்னிக்கு அஞ்சாவது நாள் டாக்டர்."

டாக்டர் உறையை வாங்கிப் படித்தாள். "யாரு எழுதினது?"

"என் மனைவி."

"நல்ல வேலை பண்ணியிருக்காங்க. அவங்களுக்கு எப்படி இருக்கு?"

அவன் குனிந்து மேசைமேல் கிடந்த சில்லறையைப் பொறுக்கினான். டாக்டர் அவன் சட்டையைப் பார்த்தாள். அதில் ஒரு பூவிதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, நீங்க சொல்லுங்க. இது சரியா?"

மாமியார் உறையைக் கை நீட்டிப் பிடித்துப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"அவ வேலைக்குக் கெளம்பற நேரம். நான் தூங்கறேன்னு நெனச்சு அக்குள்ல வெச்சா. எழுந்து பேச்சுக் குடுத்தா அவளுக்கு லேட்டாயிடும்னு நானும் கண்ண மூடிக்கிட்டே இருந்தேன்." டேப்பின் ஓரம் லேசாகப் பிரிந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். "செவ்வாய்தான் டாக்டர். எழுதிக்குங்க."

ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றாள் டாக்டர். கொலஸ்ட்ரால் மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொன்னாள். காலையில் மூன்று, இரவில் மூன்று, ஐந்து நாளைக்கு. "முதல் வேளைய இப்பவே போட்டுக்குங்க. இங்கயே."

காகிதக் கோப்பையில் தண்ணீர் வந்தது. மாமியார் உள்ளங்கையை நீட்டினார். ஒன்று. தொண்டை ஏறி இறங்கியது. இரண்டு. மூன்றாவது மாட்டிக்கொண்டது, இன்னொரு வாய் தண்ணீர் குடித்தார். அதுவும் இறங்கியது. கோல் விழுந்ததும் மைதானமே எழுந்து கத்துமே, அப்படிக் கத்த வேண்டும் போலிருந்தது அவனுக்கு. காலிக் கோப்பையை வாங்கி, நசுக்கி, தூரத்திலிருந்தே குப்பைக்கூடையில் எறிந்தான். சரியாக விழுந்தது.

"நல்லா எறியறீங்க" என்றார் மாமியார்.

வெளியே வரும்போது வரவேற்பில் டேப்பும் பேனாவும் கேட்டு வாங்கினான். உறையைக் கௌண்டரில் வைத்து, அவள் எழுத்துக்குக் கீழே ஒட்டி எழுதினான்.

அத்தை. சனி மாலை 5.40. முதல் வேளை.

அவர்களுக்குப் பின்னால் கிளினிக்கின் பெயர்ப்பலகை விளக்கை அணைத்தார்கள். மாமியார் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியை இறக்கினார். அவன் வண்டியைக் கிளப்பினான்.

அவர் கையை வெளியே விட்டு, கதவில் இரண்டு முறை பலமாகத் தட்டினார்.

"ரைட்."