எதிர்வீட்டுக்குப் போன சத்து

தையல்காரர் வீட்டு அடுப்பில் ஆப்பிள் வெந்தபோதெல்லாம் எதிர்வீட்டுத் தபால்காரருக்குத்தான் உடம்பு தேறியது. காய்ச்சலில் விழுந்து எழுந்த தையல்காரருக்கு ஆப்பிள் சேராத எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. அதுவும் இனிப்பாக இருந்தால் குமட்டியது. அவர் மனைவி சளைக்கவில்லை. தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆப்பிளை வெங்காயம், மிளகு, உப்பு போட்டுக் கோழிக்கறியோடு சமைத்தாள். வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று தோலை மழமழவென்று சீவினாள், மூடாமல் குழையக் குழைய வேகவிட்டாள், வெந்த தண்ணீரை ஆவி பறக்க ஜன்னல் வழியாக ஊற்றினாள். அவரும் பாவம், தட்டை வழித்துத்தான் சாப்பிட்டார். சாப்பிடச் சாப்பிட இளைத்தார். கத்தரிக்கோலைத் தூக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஆள் மிஞ்சமாட்டாரோ என்று அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஜன்னலில் போன ஆவியோ தெருவைக் கடந்து நேராகத் தபால்காரர் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. எப்போதோ ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கு முடி கறுத்தது, முட்டிவலி போனது. ஒருநாள் கடைவாய்ப் பல்லும் முளைத்துவிடவே, மனசு கேட்காமல் வந்து கதவைத் தட்டினார்.

“தங்கச்சி, உன் வீட்டுக்காரருக்குப் போகவேண்டிய சத்தெல்லாம் எனக்கு வருதும்மா. விலாசம் மாறி வந்ததை வெச்சுக்கிறது எனக்குப் பழக்கமில்ல. தோலைச் சீவாத. மூடி போட்டு வேக வை.”

‘நான் வேக வைப்பேன், உங்களுக்குப் பல்லு முளைக்குமா?’ என்று அவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லியும்விட்டாள். அவர் புதுப்பல் தெரியச் சிரித்தார்.

அன்று கோழி வெந்த பிறகுதான் ஆப்பிளைத் தோலோடு நறுக்கிப் போட்டாள். கையளவு தண்ணீர், சின்னத் தீ. ஆவி பழகிய பாதையை விடுமா? மூடியை முட்டித் தள்ளியது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி மூடிமேல் வைத்தாள், அதுவும் ஆடியது. “பேசாம உள்ளயே கிட! என் புருஷன் சாப்பிடணும்” என்று ஓர் அதட்டல் போட்டாள். ஆவி அடங்கிவிட்டது.

விடிந்ததும் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டு எழுந்தவளுக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தபால்காரர் அதன்பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முறையாக வாசல் வழியாகவே வந்தார். தையல்காரர் தேறியதோடு நிற்காமல் வளரவும் ஆரம்பித்தார். தச்சரைக் கூப்பிட்டு வாசல் நிலையை உயர்த்திக்கொண்டார்கள். அவருக்குத் தோள் அளவு எடுக்க அவள் இப்போது ஸ்டூலில் ஏறி நிற்கிறாள். “குனியட்டுமா?” என்று அவர் கேட்டால், “ஒண்ணும் வேண்டாம், நிமிர்ந்து நில்லுங்க” என்கிறாள்.