இரண்டு விரல்கடை மெத்தை

…உடைந்ததா, இல்லை வெறும் தூசிதான் பறந்ததா, இடது ஓரமாகப் போன அந்தத் தட்டு, நடுவர் விரலை மடக்கினார் என்றுதான் நினைக்கிறேன், அப்படியானால் பத்து, தவறியது இரண்டு, இருபத்தைந்தில் இருபது உடைந்தால் அவளுக்கு அணியில் இடம், பத்தொன்பது என்றால் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் வரைக்கும் என் கதி என்ன… வேண்டாம், எண்ணிக்கொண்டிருப்போம். கயிற்றுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், காதில் இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்தது போன்ற மூடியுடன் உட்கார்ந்திருக்கிறேன், முன்னால் என் மனைவி முதுகைக் காட்டி நிற்கிறாள், "விடு!" என்று கத்துகிறாள், குழியிலிருந்து ஒரு களிமண் தட்டு வானத்தில் பாய்கிறது, சுடுகிறாள், துப்பாக்கி அவள் தோளை ஓர் உதை உதைக்கிறது. எல்லோரும் தட்டைப் பார்க்கிறார்கள். நான் தோளைப் பார்க்கிறேன். இத்தனை பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் ஒரு பெண்ணின் தோளையே வெறிப்பது நன்றாகவா இருக்கும், கட்டின புருஷன் என்பதால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பதினொன்று. அந்தத் தோளுக்கும் துப்பாக்கிக் கட்டைக்கும் நடுவில் இரண்டு விரல்கடை கனத்தில் ஒரு மெத்தை இருக்கிறது, அதைச் செய்தது நான், என் மானம் இப்போது அதற்குள்தான் இருக்கிறது.

மெத்தை செய்வது என் தொழில். அதனால்தான் அவள் தம்பி கல்யாணத்தன்றே எனக்குப் 'பஞ்சு மாமா' என்று பெயர் வைத்தான், வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறான், பெயர் வைப்பதில் கெட்டிக்காரன். பன்னிரண்டு. நான் கரப்பான் பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி ஜன்னலுக்கு வெளியே விடுகிறவன், இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்துமா அப்படி நினைத்தார்கள்… நாலு மாதத்துக்கு முன்னால், அவள் அம்மா வீட்டுப் பரணிலிருந்து ஏதோ டப்பா எடுக்கக் கையைத் தூக்கினாள், கழுத்துப் பட்டி நழுவியது, தோளில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமும் மஞ்சளுமாக ஒரு கன்றல். மாமியார் பார்த்தார். கேட்கவில்லை, அதுதான் வம்பு, "என்னடி இது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்னவாவது சொல்லியிருப்பாள், அவர் பேசாமல் காபியை என் முன்னால் வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார். வலது கையை. நான் அதை மேஜைக்கு அடியில் கொண்டுபோனேன், ஏன் கொண்டுபோனேன், கொண்டுபோகாமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடு என்றேன். "எதை? துப்பாக்கி சுடக் கத்துக்கறேன்னா? நீச்சலை மூணாம் நாள் விட்டதுக்கே இன்னும் சிரிக்கிறாங்க. அதுக்கு முன்னாடி வயலின். அணியில எடுத்தாங்கன்னா நானே சொல்றேன். அதுவரைக்கும் நீங்க வாயைத் திறந்தீங்க…" அதுவரைக்கும் உன் வீட்டில் என்னை என்னவென்று நினைப்பார்கள், நான் உன்னை அடிக்கிறேன் என்றல்லவா, என்று கேட்டேன். "நீங்களா?" என்றாள். அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்தவள் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள், நானும் கூடச் சிரித்தேன், ஆனால் ஒரு மனிதனைப் பற்றி அவ்வளவு நேரம் சிரிக்க வேண்டுமா என்ன… ஐயோ, தவறிவிட்டது, தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுகிறது. மூன்று.

கண் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் அவளுக்கு வேலை, அங்கே டாக்டர் ஒருவர் இந்தத் துப்பாக்கிச் சங்கத்தில் உறுப்பினர், ஒருநாள் வேடிக்கை பார்க்க வாம்மா என்று கூட்டி வந்தார், முதல் நாளே ஏழு தட்டை உடைத்துவிட்டாள், அதோடு சரி, விட மாட்டேன் என்கிறாள். உதைதான் பிரச்சினை. உதை வலிக்கும் என்று தெரிந்ததும் விசையை அழுத்தும் முன்பே தோள் சுருங்கிவிடும், கண் மூடிவிடும், குண்டு தட்டுக்கு மேலே போய்விடும். முதலில் துண்டை மடித்து வைத்தாள். பிறகு என் பழைய செருப்பின் அடி. பிறகு யாரோ சொன்னார்கள் என்று சானிட்டரி நாப்கினைத் தோளில் ஒட்டிக்கொண்டாள், வாங்கி வரப் போனவன் நான், மருந்துக் கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, ரகசியமாக நீட்டினார், "இது துப்பாக்கிக்குங்க" என்று வாய்வரை வந்துவிட்டது. நடுவில் இரண்டு உடைந்தது, இதோடு பதினைந்து. அப்புறம்தான் உறைத்தது, அட, அமுங்குகிற பொருளில்தானே நமக்குச் சோறு, கடையில் இருந்ததிலேயே மெத்தென்ற ஃபோமை எடுத்து மூன்று விரல்கடைக்கு வெட்டி, கட்டையின் அடியில் ஒட்டி, ஓரம் தைத்து, மேலே பூப்போட்ட துணிகூடப் போட்டுக் கொடுத்தேன்.

அதுதான் நான் செய்த பெரிய தப்பு. மூன்று விரல்கடை ஒட்டினால் துப்பாக்கி மூன்று விரல்கடை நீளமாகிவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கைக்கு எட்டவில்லை, தோள்குழியில் பதிய வேண்டிய கட்டை மேல்கையில் போய் உட்கார்ந்துகொண்டது, ஐம்பது தோட்டா, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாமியார் வீட்டில் சாப்பாடு, அரைக்கை ரவிக்கை. கன்றல் இப்போது மேல்கையில், ஒருவன் பிடித்து உலுக்கினால் எங்கே பதியுமோ சரியாக அங்கே. மாமனார் என்னைப் பார்க்காமல் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மைத்துனன் சுவரைப் பார்த்து, "இப்பல்லாம் சட்டம் ரொம்பக் கடுமையாயிடுச்சுப்பா" என்றான். நான் "ஆமா" என்றேன். ஏன் ஆமா என்றேன்?

இங்கே பயிற்சி தருகிறவரை எல்லோரும் மேஜர் என்கிறார்கள், அவர் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். பூப்போட்ட மெத்தையைப் பார்த்து அவர் போட்ட சத்தம் இந்தக் காதுமூடியையும் தாண்டி இன்னும் கேட்கிறது, "ஏன்யா, மெத்தை எவ்வளவு கனமோ அவ்வளவு கட்டையை அறுக்கணும்னு தெரியாதா? இவ்வளவு மெத்துன்னு வெச்சா ஒரே அமுக்குல அடிவரைக்கும் நசுங்கிடும், அப்புறம் கட்டை நேரா எலும்புலதான். நீ என்ன தொழில்யா பண்றே?" பதினாறு. சொன்னேன். அவர் பூப்போட்ட துணியை ஒருமுறை தடவிப் பார்த்தார். எனக்குத் தெரியாத விஷயமா அது, கடைக்கு வருகிறவர்கள் ஒரு நிமிஷம் படுத்துப் பார்த்துவிட்டு இருப்பதிலேயே மெத்தென்றதைக் கேட்பார்கள், வேண்டாங்க முதுகு போயிடும் என்று நாளைக்கு நாலு பேருக்குப் பாடம் நடத்துகிறவன் நான், சொந்தப் பெண்டாட்டிக்கு மட்டும்… ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அப்புறம் கட்டையை இரண்டு விரல்கடை அறுத்தோம், அறுக்கும்போது அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அடியில் கெட்டி ஃபோம், மேலே மெலிசாக மெதுவானது. கட்டைக்குள் துளை போட்டு மேஜர் ஈயத்தை இறக்கினார், கனமான துப்பாக்கி குறைவாக உதைக்குமாம், தோட்டாவும் வெடிமருந்து குறைந்தது, கன்னத்தைக் கட்டையோடு ஒட்டி இறுக்கிப் பிடிக்க வேண்டும், தளர்ந்தால் உதை அதிகம். இத்தனை ஏற்பாடும் எதற்கு, அவள் இருபது தட்டை உடைக்க, உடைத்துவிட்டு ஒரு போன் செய்ய, நான் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து சாப்பிட.

பதினேழு, தவறியது நாலு. நாலா? ஆமாம், இதோ இன்னொன்று, அடக் கடவுளே, அதுவும் முழுசாகப் போகிறது, ஐந்து. இனி இருக்கும் மூன்றும் உடைந்தாக வேண்டும். மேஜர் மீசையை வாய்க்குள் இழுத்துக் கடிக்கிறார். அவள் துப்பாக்கியை இறக்கி, தோளை ஒருமுறை சுற்றிவிட்டு, திரும்பிப் பார்க்கிறாள், என்னையா, மேஜரையா, நான் எதற்கும் இருக்கட்டும் என்று கையை ஆட்டுகிறேன், நாற்காலி பின்னால் சாய்கிறது, பிடித்துக்கொள்கிறேன். "விடு!" உடைந்தது. "விடு!" உடைந்தது, கறுப்புத் தூளாக. இப்போது அவள் தோள் சுருங்குமா, சுருங்காதே, அது இரண்டு விரல்கடை இருக்கிறது, கெட்டி ஃபோம், நான் உத்தரவாதம், பத்து வருஷ உத்தரவாதம்… கண்ணை மூடிக்கொண்டது நான்தான். திறந்தபோது மேஜர் குதித்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே, வேர்வை வழிய, போனை ஒலிபெருக்கியில் போட்டுச் சொன்னாள், கன்றல், துப்பாக்கி, நாலு மாதம், அணி, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல். "துப்பாக்கியாலயா?" என்றார் மாமியார். "ஆமாம்மா." பிறகு மைத்துனன் முதலில் ஆரம்பித்தான், மாமனார் சேர்ந்துகொண்டார், வீடே சிரித்தது, போன் நடுங்கியது. "அதானே! நான் அப்பவே நெனச்சேன், நம்ம பஞ்சு மாமாவாவது, கையை ஓங்கறதாவது!" எப்போதடா நினைத்தாய்? மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பேசியிருப்பார், குரல் அப்படி இருந்தது, "மாப்பிள்ளை, மனசுல வெச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை வர்றப்போ பின்ரூம் மெத்தையைக் கொஞ்சம் பிரிச்சுத் தெச்சுக் குடுத்துட்டுப் போங்க. நாலு மாசமா கேட்கணும்னு இருந்தேன், கேட்கப் பயமா இருந்துச்சு." என் மனைவி போனை வைத்துவிட்டாள். "என்னங்க, அப்பாடான்னு இருக்கா?" "அப்பாடான்னு இருக்கு" என்றேன், பொய்யில்லை, நிஜமாகவே இருந்தது. ஊசி எடுத்துப் போக வேண்டும், தடித்த நூல், இரண்டு மணி நேர வேலை… பயமாக இருந்ததாம். போன மாதம் சாப்பிடும்போது உப்பு என்று சொன்னேன், மூன்று பேர் எழுந்தார்கள். நான் தொண்டையைச் செருமினால் மைத்துனன் பேச்சை நிறுத்துவான், மாமனார் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைப்பார். எனக்கு அது எவ்வளவு அவமானமாக இருந்தது, அவமானமாகத்தான் இருந்தது, இல்லையா, ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாகத்தானே இருந்தது, பிறகு எதற்குக் கேட்டேன்…