யார் மகன்?

பிஜியில், சுவா நகரத்து அமெரிக்கத் தூதரகத்தில் பேசுவது பாஸ்போர்ட்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கமே வைத்துக்கொண்டால் விசா உண்டு. திருப்பிக் கையில் கொடுத்துவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதைச் சொல்லிச் சொல்லியே மிலிகாவைப் பயமுறுத்தி வைத்திருந்தாள் சின்னம்மா லூபே. டோங்காவிலிருந்து துணைக்கு வந்தவள், உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வாசல்வரை வந்து நின்றாள்.

“ரொம்ப சிரிக்காத. அழுவவும் செய்யாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. உள்ள நம்மாளு யாராச்சும் கண்ணுல பட்டா, யார் மகன்னு மறக்காம கேளு.”

“நான் விசாவுக்குப் போறேனா, ஆள் தேடப் போறேனா சின்னம்மா?”

“ரெண்டுக்கும்தான். போடி.”

லூபே தேடுவது தன் அண்ணன் மனாசேயை. டோங்காவின் ஹாஃபெவா தீவிலிருந்து சரக்குக் கப்பலில் வேலைக்குப் போன மனிதர், பிஜியில் இறங்கினார்; அதோடு தகவல் இல்லை. இருக்கிறாரா செத்தாரா என்று தெரியாமலே அவருடைய இன்னொரு தங்கை, மிலிகாவின் அம்மா, கண்ணை மூடினாள். தானும் அப்படியே போய்விடுவோமோ என்று லூபேக்குப் பயம்.

மிலிகாவின் கவலை வேறு. கணவன் சாமிசோனி அமெரிக்காவில் வீடுகளுக்குக் கூரை போடுகிறான். கல்யாணத்துக்கு வந்தவன் லீவு முடிந்ததும் போய்விட்டான். அப்புறம் அவன் போனில் கேட்கும் குரல் மட்டும்தான். இன்றைக்கு மறுத்துவிட்டால் மறுபடி கூப்பிட வருஷக்கணக்காகும் என்கிறார்கள். அவளுக்கு அவன் வேண்டும். அவ்வளவுதான்.

சோதனைக் கதவில் காவலர், டோங்கா வழக்கப்படி அவள் இடுப்பில் மரியாதைக்காகச் சுற்றியிருந்த பாயை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்து, எந்திரத்துக்குள் அனுப்பி, எல்லோர் கண்ணெதிரிலும் திரும்பக் கட்டிக்கொண்டாள். பாதித் தைரியம் அங்கேயே போய்விட்டது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்ல மனுஷர் போலத்தான் தெரிந்தார். இந்தப் பக்கம், அவளுக்கு அருகில், மொழிபெயர்ப்பாளன். முப்பது வயது இருக்கும். மனுதாரர் எனக்கு உறவில்லை என்று வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தான். அவளையும் கேட்டார்கள், இல்லை என்றாள். அந்த நேரத்தில் இரண்டு பேரும் மனதறிந்து பொய் சொல்லவில்லை.

பெயர், சர்ச், மாப்பிள்ளையை எங்கே பார்த்தாய் என்று முதல் கேள்விகள் சுலபமாகப் போயின. அதிகாரி ஏதோ நகல் எடுக்க உள்ளே போனார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு டோங்காக்காரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பேசாமல் இரு என்றால் நடக்கிற காரியமா? போதாக்குறைக்கு அவனுடைய புருவம் அவள் அம்மாவின் புருவம் போலவே நடுவில் கூடியிருந்தது.

“நீங்க எந்தத் தீவு?”

“பொறந்ததெல்லாம் இங்கதான். அப்பா ஹாஃபெவா.”

“யார் மகன்?”

“மனாசே. கப்பல்ல வந்தவரு.”

“எங்கம்மா அவரோட தங்கச்சி” என்றாள்.

சந்தோஷத்தில் கத்தியிருக்க வேண்டும். அவனோ சுவர் வரைக்கும் பின்வாங்கினான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமன் மகன் என்றால் டோங்காவில் அண்ணன். கூடப் பிறந்தவனுக்கும் அவனுக்கும் வித்தியாசமே கிடையாது. அண்ணன் இருக்கிற இடத்தில் தங்கை கட்டில், முத்தம், புருஷன் என்று வாய் திறக்கமாட்டாள். யாராவது கேலியை ஆரம்பித்தாலே, “அண்ணன் தங்கச்சி இருக்காங்க” என்று ஒருவர் அடக்குவார், பேச்சு மழைக்கும் மீனுக்கும் மாறிவிடும். இங்கே அடக்குவதற்கு ஒருவரும் இல்லை.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். கல்யாணப் படங்களை வரிசையாகப் பரப்பினார்.

“ஒரு படத்துலகூட நீங்க ரெண்டு பேரும் தொட்டுக்கிட்டு நிக்கலையே. ஏன்?”

அவன் தரையைப் பார்த்தபடி, “படத்தப் பத்திக் கேக்குறாரு” என்று மட்டும் மொழிபெயர்த்தான்.

கேள்வி அவளுக்கு ஓரளவு புரிந்திருந்தது. படத்தில் சுற்றி நின்றதெல்லாம் அண்ணன்மார்கள். அவர்கள் முன்னால் எப்படிக் கையைப் பிடிப்பது? இவன் எதிரில் அதைச் சொல்லவும் கூசியது; ஏன் என்று கேட்டால் இவன் யார் என்று வரும். சொன்னால் சற்றுமுன் செய்த சத்தியம் பொய்யாகிவிடும், அவன் வேலை போய்விடும்.

“புருஷன் பொண்டாட்டியா எங்க தங்கியிருந்தீங்க? கட்டில்ல யார் எந்தப் பக்கம் படுப்பீங்க?”

இதை அவன் மொழிபெயர்க்கவே இல்லை. அவன் காது மட்டும் சிவந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பாயின் ஓரத்தைப் பிய்த்தாள். பதில் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் சாமிசோனி போவான். கடவுளே, இவனை ஏன் கேட்டேன், இந்த நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று உள்ளுக்குள் கதறினாள்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். “இது நிஜக் கல்யாணமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு” என்று சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டை எடுத்துக் கண்ணாடியின் கீழிருந்த சந்துப் பக்கம் நகர்த்தினார்.

“சார், இது என் தங்கச்சி” என்றான் அவன் ஆங்கிலத்தில்.

“இல்லைன்னு சத்தியம் பண்ணீங்களே?”

“அப்போ தெரியாது சார். நீங்க உள்ள போனப்பதான் தெரிஞ்சுது. நான் நிக்கிறவரைக்கும் இவ வாயத் தொறக்க மாட்டா. நானும் இந்தக் கேள்விய இவகிட்ட கேக்க மாட்டேன். வேலை போனாப் போகட்டும்.”

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேடையில் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே ஊழியர்கள் போகும் பின்கதவு வழியாகப் போய்விட்டான்.

அதிகாரி படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஒரு படத்தில் விரலை வைத்தார். “இவரு?”

“பிரதர்.”

“இவரு?”

“பிரதர். ஆல் பிரதர்.” கதவைக் காட்டினாள். “ஹீ ஆல்சோ.” அழுகை வந்துவிட்டது.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “இப்ப யாரும் இல்ல. கட்டில்ல எந்தப் பக்கம்?”

அவள் கண்ணைத் துடைத்தாள். தெரிந்த நாலு ஆங்கில வார்த்தைகளோடு கையையும் சேர்த்துச் சொன்னாள். சுவர்ப் பக்கம் அவள்தான். சுவரில் பூரான் வரும். சாமிசோனிக்குப் பூரான் என்றால் உயிரே போய்விடும், இவள் மேல் ஏறிக் கத்துவான். பூரான் எப்படி நெளியும் என்று விரலால் காட்டினாள்.

அதிகாரி சிரித்துவிட்டார். பாஸ்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வெளியே லூபே அவளுடைய வெறுங்கையைப் பார்த்ததும் தெருவென்றும் பாராமல் ஆடினாள். பிறகுதான் மிலிகாவின் முகத்தைக் கவனித்தாள்.

“ஏண்டி இப்படி இருக்க?”

மிலிகா நடந்ததைச் சொன்னாள். லூபே அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மனாசே மகனா! எங்கண்ணன் உசுரோட இருக்கானா? எங்க இருக்கானாம்?”

“கேக்கல சின்னம்மா.”

“சரி, பையன் பேராவது சொல்லு. தேடிக்கலாம்.”

மிலிகா திரும்பி ஓடினாள். நேர்காணல் முடிந்தவர்களை உள்ளே விடுவதில்லை என்றார் காவலர். உள்ளே தனக்கு மொழிபெயர்த்தவரைப் பார்க்கணும் என்று கெஞ்சினாள்.

“மொழிபெயர்க்க நெறைய பேர் வர்றாங்க. பேரு சொல்லுங்க.”

அவள் வாயைத் திறந்தாள். யார் மகன் என்று கேட்டிருந்தாள். பேரைக் கேட்கவில்லை.